அந்தமானில் ஒரு வாரம்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

கேள்வி இதுதான்: "ஜனவரி கடைசியில் ஒரு வாரம் அந்தமான் போகிறோம். நான், மனைவி, 11 வயது மகள், 65 வயது அம்மா. யாருக்கும் நீச்சல் தெரியாது. ஏஜென்ட் அனுப்பிய பட்டியலில் 18 இடங்கள் இருக்கின்றன. எதை அவசியம் பார்க்க வேண்டும், என்னென்ன செய்யலாம், எதை விட்டுவிடலாம்?"

முதல் வேலையாக அந்தப் பட்டியலைப் பாதியாக வெட்டுங்கள். அந்தமானில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவது ஊட்டியில் ஏரி பார்த்துவிட்டு தொட்டபெட்டா போவது மாதிரி கிடையாது. நடுவில் கடல் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் படகுத்துறைக்கு (ஜெட்டி என்பார்கள்) ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், அடையாள அட்டை காட்டி, பெட்டியை ஸ்கேன் செய்து, வரிசையில் நின்று, படகில் ஒன்றரை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து இறங்கும்போது பாதி நாள் போயிருக்கும். 7 நாளில் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் ஆகிய மூன்றும் போதும். அம்மாவும் கூட வருகிறார் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

பெயர்க் குழப்பத்தையும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். ஹேவ்லாக் தீவுக்கு இப்போது ஸ்வராஜ் த்வீப் என்று பெயர், நீல் தீவுக்கு ஷஹீத் த்வீப். போர்ட் பிளேரை 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் பழைய பெயரைச் சொல்வார். நானும் பழைய பெயரிலேயே எழுதுகிறேன்.

அடுத்தது வெளிச்சம். பயணத் திட்டம் போடுகிறவர்கள் பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்தமான் நமக்கு வெகு கிழக்கே, கிட்டத்தட்ட பர்மாவுக்குக் கீழே இருக்கிறது. கடிகாரம் மட்டும் இந்திய நேரம். அதனால் ஜனவரியில் காலை 6 மணிக்கு முன்பே பளிச்சென்று விடிந்துவிடும், மாலை 5.30-க்குள் சூரியன் மறைந்துவிடும். நம் ஊர்ப் பழக்கத்தில் 9 மணிக்குச் சாப்பிட்டு 10 மணிக்குக் கிளம்பினால், கடல் அமைதியாகவும் வெயில் இதமாகவும் இருந்த நல்ல நேரம் முடிந்திருக்கும். 5 மணிக்கு எழுந்து 6 மணிக்குக் கடற்கரையில் இருங்கள், மதியம் தூங்குங்கள், 4 மணிக்கு மறுபடி வெளியே வாருங்கள். இரவு 9 மணிக்கெல்லாம் தூக்கம் கண்ணைச் சுற்றும்.

வெளிச்சத்துக்குச் சமமாக முக்கியமானது கடலின் ஏற்ற வற்றம். சென்னைக் கடற்கரையில் தண்ணீர் ஏறி இறங்குவது பெரிதாகக் கண்ணில் படாது. இங்கே அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஒரு ஆள் உயரத்துக்கும் மேலே ஏறி இறங்கும். காலையில் கழுத்தளவு நீலத் தண்ணீராகப் பார்த்த இடம் மதியம் வெறும் பாறையும் சேறுமாகக் கிடக்கும். "படத்தில் பார்த்த மாதிரி இல்லையே" என்று ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையிலிருந்து முகம் வாடித் திரும்புகிறவர்களில் பலர் தண்ணீர் வற்றிய நேரத்தில் போனவர்கள்தான். தண்ணீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். விடுதியில் கேட்டாலே அன்றைய நேரத்தைச் சொல்வார்கள், கைபேசியிலும் பார்க்கலாம். தண்ணீருக்குள் இறங்கும் வேலையை ஏற்றத்தில் வையுங்கள், பாறையிலும் குட்டையிலும் நடந்து பார்க்கும் வேலையை வற்றத்தில் வையுங்கள்.

சரி, போர்ட் பிளேர். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். ஜன்னல் இருக்கை கேட்டு வாங்குங்கள். இறங்குவதற்கு முந்தைய பத்து நிமிடங்களில் தீவுகளைச் சுற்றிப் பவளத் திட்டுகள் வெளிர்பச்சை வளையமாகத் தெரிவதை உங்கள் மகள் மறக்கமாட்டாள். கப்பலிலும் போகலாம், ஆனால் சென்னையிலிருந்து மூன்று நாள் ஆகும். ஒரு வார விடுமுறைக்கு அது ஒத்துவராது.

வந்திறங்கிய அன்று மதியமே, ஆங்கிலேயர் விடுதலைப் போராட்டக்காரர்களை அடைத்துவைத்த செல்லுலார் சிறைக்குப் போய்விடுங்கள். சுற்றுலாத் தலம் என்ற நினைப்பை வாசலில் விட்டுவிட்டு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். 1896-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடித்தார்கள். நடுவில் ஒரு காவல் கோபுரம், அதிலிருந்து ஏழு திசைகளுக்கு நீண்ட ஏழு மூன்றடுக்குக் கட்டடங்கள், மொத்தம் 693 தனி அறைகள். ஒரு கட்டடத்தின் முகப்பு அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்த்தபடி இருக்கும். எதிரே இன்னொரு மனித முகம் தெரிந்துவிடக் கூடாது என்று திட்டமிட்டே அப்படி அமைத்தார்கள். இன்று நிற்பவை மூன்றே.

வழிகாட்டியோடு போனாலும் ஏதாவது ஓர் அறைக்குள் நீங்கள் மட்டும் போய் நின்று பாருங்கள். பதின்மூன்றரை அடிக்கு ஏழரை அடி, பின்சுவரில் எட்டாத உயரத்தில் ஒரு சின்னக் காற்றுத் துளை. பிறகு வெளியே வந்து தாழ்ப்பாளைக் கவனியுங்கள். நீளமான இரும்புத் தண்டு கதவைத் தாண்டி, பக்கத்துச் சுவரில் குடைந்த ஒரு மாடத்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். கம்பிகளுக்கு இடையே கையை எவ்வளவு நீட்டினாலும் உள்ளே இருப்பவரால் அதைத் தொட முடியாது. உங்கள் மகளை உள்ளே நின்று கை நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சிறையைப் பற்றி நாம் பேசிப் புரியவைக்க முடியாததை அந்தத் தாழ்ப்பாள் புரியவைத்துவிடும். முற்றத்தில் செக்கு இருக்கிறது. மாடு இழுக்க வேண்டியதை மனிதர் இழுத்து, ஒரு நாளில் 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டிக் கொடுக்க வேண்டும், குறைந்தால் தண்டனை. 1933-இல் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தபோது வலுக்கட்டாயமாகக் குழாய் வழியே பால் செலுத்தினார்கள். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மைத்ரா ஆகிய மூவரும் அந்தப் போராட்டத்தில் உயிரிழந்தார்கள். சிறைக்கு எதிரே உள்ள பூங்காவில் அவர்களுக்குச் சிலை இருக்கிறது, ஆனால் அந்தப் பக்கம் யாரும் திரும்புவதே இல்லை. நீங்கள் போய்ப் பாருங்கள். மாலையில் ஒலி ஒளிக் காட்சி இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடக்கும். இருக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் முன்பதிவு செய்யுங்கள்.

ராஸ் தீவுக்கு (இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) அரை நாள் ஒதுக்குங்கள். ஜெட்டியிலிருந்து படகில் ஏறி உட்கார்ந்து முடிப்பதற்குள் வந்துவிடும். 1858-இல் தண்டனைக் குடியிருப்பு தொடங்கிய காலத்திலிருந்து ஆங்கிலேயரின் தலைமையிடம் அதுதான். தேவாலயம், ரொட்டி சுடும் கூடம், அச்சகம், நடன அரங்கு என்று சகலமும் அந்தக் குட்டித் தீவில் இருந்தன. 1941 நிலநடுக்கத்தில் சேதம், 1942-இல் ஜப்பானியர் வருகை, அதோடு அந்த வாழ்வு முடிந்தது. இன்று சுவர்களை ஆலமர வேர்கள் பிடித்து நிறுத்தி வைத்திருக்கின்றன. அன்று வேட்டைக்காகக் கொண்டுவந்துவிட்ட புள்ளிமான்களின் வாரிசுகள் நம் காலடியில் மேய்கின்றன. அம்மாவுக்கு மின்வண்டி கிடைக்கும். வாரத்தில் ஒரு நாள் மூடியிருக்கும், முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானியர் காலத்தைப் பற்றி நம் பாடப் புத்தகங்கள் அதிகம் சொல்வதில்லை. மூன்றரை ஆண்டு ஆட்சியில் உள்ளூர் மக்கள் பட்டது கொஞ்சநஞ்சமில்லை. 1944 ஜனவரி 30 அன்று ஒற்றர்கள் என்று குற்றம் சாட்டி 44 பேரை ஹம்ஃபிரிகஞ்சில் வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். நேதாஜி போர்ட் பிளேரில் கொடியேற்றிச் சரியாக ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஜாலி பாய் தீவுக்காக வண்டூர் பக்கம் போகும்போது ஹம்ஃபிரிகஞ்ச் நினைவிடத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். வண்டியில் ஏறும்போதே சொல்லிவிட்டால் ஓட்டுநர் மறுக்கமாட்டார்.

நார்த் பே கடற்கரையை ராஸ் தீவோடு சேர்த்து உங்கள் ஏஜென்ட் கட்டாயம் போட்டிருப்பார். விட்டுவிடுங்கள். பழைய 20 ரூபாய் நோட்டின் பின்புறம் இருந்த காட்சி அங்கேதான் என்று சொல்லி அழைத்துப் போவார்கள். ஆனால் கூட்டமும் நீர் ஸ்கூட்டர் இரைச்சலும் பேரமும் போக, பார்க்க மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் காசையும் நேரத்தையும் ஜாலி பாய் தீவுக்குக் கொடுங்கள்.

ஜாலி பாய், மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. பூங்கா 1983-இல் ஏற்பட்டது. போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் வரை காரில் ஒரு மணி நேரம், அங்கிருந்து அலையாத்திக் காடுகளுக்கு நடுவே படகில் இன்னொரு மணி நேரம். முன்கூட்டியே வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். தீவில் கடை கிடையாது, தங்க முடியாது, ஒரு பிளாஸ்டிக் பையைக்கூட உள்ளே விடமாட்டார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு முன்பணம் கட்டி, திரும்பி வந்து காட்டிப் பணத்தைப் பெற வேண்டும். சிலர் இதைத் தொல்லை என்று குறைப்படுகிறார்கள். எனக்கு அந்தமானிலேயே மிகவும் பிடித்த விதி இது. பலன் தண்ணீருக்கடியில் தெரிகிறது. மழைக்காலத்தில் ஜாலி பாயை மூடிவிட்டு ரெட் ஸ்கின் தீவைத் திறப்பார்கள், ஜனவரியில் உங்களுக்கு ஜாலி பாய்தான் கிடைக்கும். அம்மா தண்ணீரில் இறங்க வேண்டாம், கண்ணாடி அடிப் படகில் உட்கார்ந்தபடியே பவளத்தைப் பார்க்கலாம்.

நீச்சல் தெரியாதே என்ற கவலைக்கு வருகிறேன். ஸ்நார்கெலிங்குக்கு, அதாவது முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி நீர்மட்டத்தில் மிதந்தபடி அடியில் பார்ப்பதற்கு, நீச்சல் தேவையில்லை. மூச்சைப் பழக்க வேண்டும், அவ்வளவுதான். லைஃப் ஜாக்கெட் போட்டு, ஒரு ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைக்க, வழிகாட்டி இழுத்துக்கொண்டு போவார். ஆனால் நேராக ஆழத்துக்குப் போய்விடாதீர்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, முகமூடியை மாட்டி, வாயால் மட்டும் மூச்சுவிட்டுப் பத்து நிமிடம் பழகுங்கள். முகமூடிக்குள் ஒரு தலைமுடி மாட்டியிருந்தாலும் தண்ணீர் கசியும். மகளின் முடியை இறுக்கிக் கட்டி, நெற்றியில் விழும் முடியை ஒதுக்கி மாட்டுங்கள். மீசை அடர்த்தியாக இருந்தால் உங்களுக்கும் கசியும்.

முகம் உள்ளே போனதும் முதலில் காது திறக்கும். கடலுக்கடியில் நிசப்தமாக இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை, அடுப்பில் சுள்ளி எரிவதுபோல் படபடவென்று இடைவிடாமல் சத்தம் கேட்கும். அது பவளத்தின் இடுக்குகளில் வாழும் சின்னஞ்சிறு இறால் வகை கொடுக்கைச் சொடுக்கும் ஒலி. கொஞ்சம் பொறுத்தால் கிளிமீன் கடிக்கும் சத்தத்தையும் பிரித்துக் கேட்கலாம். அது பாறையைக் கிளி அலகால் கடித்து, அதில் படிந்த பாசியைத் தின்று, அரைபட்ட சுண்ணாம்பைப் பின்னால் வெள்ளைப் புகையாக விட்டுக்கொண்டே போகும். நாம் காலாற நடக்கிற வெண்மணலில் ஒரு பங்கு அப்படி வந்ததுதான். பாறையில் பதிந்திருக்கும் ராட்சதச் சிப்பியின் உதடு நீலமும் பச்சையுமாக மின்னும். நம் நிழல் விழுந்ததும் மூடிக்கொள்ளும். கடல் சாமந்திக்குள் (பூப்போல விரிந்திருக்கும் ஒரு கடல் உயிரினம்) கோமாளி மீன் இருந்தால் அது ஒதுங்கி ஓடாது, நம்மை முறைத்துப் பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்கும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பவளத்தின்மேல் நிற்காதீர்கள், கை வைக்காதீர்கள். பார்க்கப் பாறை மாதிரி இருந்தாலும் உயிரினங்கள் சேர்ந்து கட்டிய குடியிருப்பு அது. உருண்டையாக வளரும் வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். நம் இடுப்புயரப் பாறை ஒன்று சுதந்திரத்துக்கு முன்பே முளைத்ததாக இருக்கும். 2004 சுனாமியில் அந்தமான் பவளம் நிறையச் சேதமானது, 2010, 2016 வெப்ப அலைகளில் நிறைய வெளுத்துச் செத்தது. ஹேவ்லாக்கின் எலிஃபண்ட் கடற்கரையில் சாம்பல் நிறத்தில் உடைந்து கிடப்பதைப் பார்ப்பீர்கள். பிழைத்து மீண்டும் முளைக்கிறவற்றை மிதித்து உடைக்காமல் வருவது நம் கையில் இருக்கிறது. வெயிலுக்குக் கிரீம் பூசிக்கொண்டு இறங்குவதைவிட முழுக்கைச் சட்டை போடுவது உங்கள் தோலுக்கும் நல்லது, பவளத்துக்கும் நல்லது.

ஹேவ்லாக்கில் மூன்று இரவு தங்குங்கள். ராதாநகர் கடற்கரையை உள்ளூரில் ஏழாம் நம்பர் பீச் என்பார்கள். 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியதிலிருந்து உலகமே அங்கே வருகிறது. புகழுக்குத் தகுந்த இடம்தான். சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு மாவு போன்ற மணல், முதுகுப்பக்கம் நெடுநெடுவென்று வளர்ந்த காட்டு மரங்கள், மணலில் ஒரு கடைகூடக் கிடையாது. எல்லோரும் சூரியன் மறைவதைப் பார்க்க மாலையில் வருவார்கள். நீங்கள் ஒரு மாலை போங்கள், மறுநாள் காலை 6 மணிக்கும் போங்கள். காலையில் கூட்டமே இருக்காது. நண்டுகள் வளை தோண்டி வெளியே தள்ளிய மணல் உருண்டைகள் கோலப் புள்ளி வைத்த மாதிரி கரை முழுக்கப் பரவியிருக்கும், யாரும் மிதித்திருக்கமாட்டார்கள்.

குளிக்கும்போது உயிர்காப்பாளர் இருக்கும் பகுதியை விட்டு நகராதீர்கள். கடற்கரையின் ஓரத்தில், ஓடை கடலில் சேருகிற இடத்தின் பக்கம் போகவே வேண்டாம். அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010-இல் ஹேவ்லாக்கில் ஸ்நார்கெலிங் செய்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணை முதலை கொன்றது. பயந்து பயணத்தை ரத்து செய்யும் அளவுக்கு இது அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் எச்சரிக்கைப் பலகை இருக்கிற இடத்தில் "சும்மா கால் நனைக்கிறேன்" என்று இறங்காதீர்கள். அலையாத்திக் காட்டோரம், ஓடை வாய், இருட்டிய பிறகு கடல் ஆகிய மூன்றையும் தவிர்த்தால் போதும்.

எலிஃபண்ட் கடற்கரைக்கு ஹேவ்லாக் ஜெட்டியிலிருந்து வேகப்படகு போகும், காட்டு வழியே நடந்தும் போகலாம். முதல் படகில் போங்கள். 10 மணிக்குமேல் ஜெட் ஸ்கீ, வாழைப்பழ மிதவை என்று ஒரே சந்தடி. ஜாலி பாய் போய்விட்டால் எலிஃபண்ட் கட்டாயமில்லை என்பதே என் கருத்து. அதற்குப் பதில் நீங்களும் மனைவியும் ஒரு ஸ்கூபா டைவ் (முதுகில் காற்று உருளையோடு நீருக்கடியில் போவது) முயலலாம். பயிற்சியாளர் கூடவே இருந்து, ஆழமில்லாத நீரில் பழக்கி, பிறகு 12 மீட்டருக்குள் அழைத்துப் போவார். நீச்சல் தெரியாதவர்களையும் ஏற்பார்கள். பெரும்பாலான டைவ் பள்ளிகளில் 10 வயது முடிந்திருந்தால் போதும், ஆகவே உங்கள் மகளும் செய்யலாம். ஆனால் அவளாக ஆசைப்பட்டால் மட்டும், வற்புறுத்தாதீர்கள். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை சிகிச்சை இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். சளி பிடித்திருந்தால் அன்று வேண்டாம், காது அடைத்து வலி உயிர் போகும். டைவுக்குப் பிறகு ஒரு முழு நாள் இடைவெளி விட்டுத்தான் விமானம் ஏற வேண்டும், எனவே டைவை வாரத்தின் நடுவில் வையுங்கள்.

எனக்கு ஹேவ்லாக்கில் மிகவும் பிடித்தது பகலில் கிடைப்பதில்லை. நிலா இல்லாத இரவில் சில இடங்களில் கடல் நீரைக் கையால் கலக்கினால் நீல வெளிச்சம் சிதறும். நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அசைவு பட்டதும் ஒளிவிடுகின்றன. அலையாத்திக் காட்டு ஓடைகளில் இரவில் கயாக் என்ற குறுகிய துடுப்புப் படகில் அழைத்துப் போகிறார்கள். துடுப்பு விழும் ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சம் கிளம்பும், அடியில் மீன் ஓடினால் கோடு போட்டதுபோல் தெரியும். நிலா வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது, கைபேசிப் படத்திலும் சரியாக வராது. தை அமாவாசை எந்தத் தேதி என்று காலண்டரில் பார்த்து, ஹேவ்லாக் இரவுகளை அதற்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட் கொடுத்து, வழிகாட்டியும் கூடவே துடுப்புப் போடுகிற ஏற்பாட்டோடு மட்டும் போங்கள். ஓடை வாயையும் இருட்டையும் பற்றி மேலே சொன்ன எச்சரிக்கை தண்ணீரில் இறங்குவதற்கு. இங்கேயும் கயாக்கை விட்டு இறங்கக் கூடாது, கை விடலாமா என்பதையும் வழிகாட்டியைக் கேட்டுச் செய்யுங்கள்.

நீல் தீவில் ஓர் இரவு. பிரிவினைக்குப் பிறகு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர். அந்தமானுக்குக் காய்கறியில் பெரும் பங்கு இங்கிருந்து போகிறது. ஒருபக்கம் கத்தரித் தோட்டம், மறுபக்கம் பாக்கு மரம், முனையில் கடல் என்று சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். அம்மாவுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இந்தத் தீவு பிடிக்கும் என்று நினைக்கிறேன். வாசலில் கோழி, கொல்லையில் வாழை, தெருவில் அவசரமே இல்லாத மனிதர்கள்.

இங்கே இயற்கைப் பாலம் என்று ஒரு பாறை வளைவைக் காட்டுவார்கள். வளைவைப் படம் எடுத்ததும் எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது காலடியில் இருக்கிறது. நன்றாக வற்றிய நேரத்தில் போனால் பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீர் ஒவ்வொன்றும் தனி உலகம். தடிமனான கறுப்புக் கடல் அட்டைகள், ஊமத்தம்பூ அளவில் விரிந்த கடல் சாமந்திகள், சங்கு ஓட்டை வீடாகச் சுமக்கும் துறவி நண்டுகள், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு குட்டி ஆக்டோபஸ். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள், எந்தக் குழியில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். சிலர் நண்டையும் அட்டையையும் எடுத்து உங்கள் கையில் வைக்க வருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாறை வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு வேண்டும். அம்மா பாறை தொடங்கும் இடம் வரை வந்து நிழலில் உட்கார்ந்துகொள்ளட்டும்.

இப்போது உங்கள் பட்டியலிலிருந்து நான் அடித்துவிடச் சொல்லும் ஒன்று: பாராடாங் ஒருநாள் பயணம். சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் காட்டுவதாகச் சொல்வார்கள். போகும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக் காட்டுக்கு நடுவே செல்கிறது. ஜிர்காடாங்கில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, காவல் வண்டி முன்னே செல்ல, நிற்காமல் ஓட்டுவார்கள். படம் எடுப்பதும், தின்பண்டம் கொடுப்பதும், வண்டியை நிறுத்துவதும் குற்றம், சிறைவரை போகலாம். ஆனால் அந்த வண்டிகளில் இருப்பவர்களில் பலர் எதைப் பார்க்கக் கண்ணாடிக்கு வெளியே எட்டிப் பார்க்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஜாரவா மக்கள் சில நூறு பேர்தான். 1990-களின் இறுதிவரை வெளியாரோடு பழகாமல் இருந்தவர்கள். பழகத் தொடங்கியதும் தட்டம்மை பரவியது. 2002-இல் உச்ச நீதிமன்றமே அந்தச் சாலைப் பகுதியை மூடச் சொன்னது, இன்னும் வண்டிகள் ஓடுகின்றன. 2012-இல் உணவைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச் சொன்ன வீடியோ வெளியாகி நாடே தலைகுனிந்தது. ஆங்கிலேயர் வந்தபோது ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர் இன்று சில பத்துப் பேராகச் சுருங்கிவிட்டார்கள், பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த நோய்களால். ஒரு குகையைப் பார்ப்பதற்காக இன்னொருவரின் வீட்டு முற்றத்தின் வழியே தினமும் நூற்றுக்கணக்கான வண்டிகள் போவது எனக்கு ஒப்பவில்லை. உங்கள் மகளிடம் இதைக் காரணத்தோடு சொல்லுங்கள், 11 வயதில் நன்றாகவே புரியும். போர்ட் பிளேரில் மானிடவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த மக்களின் படகு, வில், கூடை எல்லாவற்றையும் அங்கே நிதானமாகப் பார்க்கலாம்.

வடக்கே டிக்லிப்பூரில் ராஸ், ஸ்மித் என்ற இரட்டைத் தீவுகள் (இது வேறு ராஸ்), 732 மீட்டர் உயரச் சாடில் சிகரம், ஆமைகள் முட்டையிடும் காளிப்பூர் கடற்கரை எல்லாம் இருக்கின்றன. அருமையான ஊர், ஆனால் அதற்குத் தனியாக நான்கைந்து நாள் வேண்டும். சாலையில் போனால் அதே ஜாரவா காடு, அரசுக் கப்பலில் போனால் ஓர் இரவு. பத்துப் பன்னிரண்டு நாள் கிடைக்கும்போது யோசியுங்கள்.

நாட்களை இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள் சிறை, இரண்டாம் நாள் ஜாலி பாய், மூன்றாம் நாள் அதிகாலைப் படகில் ஹேவ்லாக். ஆறாம் நாள் காலை அங்கிருந்து நீல், ஏழாம் நாள் காலைப் படகில் போர்ட் பிளேர் திரும்பி, மதியம் ராஸ் தீவு. அன்று இரவு போர்ட் பிளேரிலேயே தங்கி மறுநாள் விமானம். "நீலிலிருந்து காலைப் படகு, மதியம் விமானம்" என்று யார் திட்டம் போட்டாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். காற்று மாறினால் படகை நிறுத்திவிடுவார்கள், விமானம் நமக்காக நிற்காது. ஒரு நாள் குறைக்கத்தான் வேண்டும் என்றால் ஹேவ்லாக்கில் ஓர் இரவைக் குறையுங்கள், கடைசி இரவைக் குறைக்காதீர்கள்.

தீவுகளுக்கிடையே தனியார் ஏசி படகுகள் வேகமானவை, இணையத்தில் முன்பதிவு செய்யலாம். அரசுப் படகு மெதுவாகப் போகும், ஆனால் மேல்தளத்தில் காற்றாட நிற்க முடியும். அம்மாவுக்குப் பயணத்தில் தலைசுற்றல் வரும் என்றால் மூடிய ஏசி படகைவிட அதுவே மேல். மருத்துவரைக் கேட்டு வாந்தி மாத்திரை வாங்கி, படகு கிளம்புவதற்கு முன்பே போடச் சொல்லுங்கள். நான்கு பேரின் அசல் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் தமிழ் பேசியே காரியம் முடித்துவிடலாம், இட்லி தோசையும் கிடைக்கும். பல தலைமுறையாகத் தமிழர்கள் வாழும் ஊர். அம்மாவை வெற்றிமலை முருகன் கோயிலுக்கு ஒரு மாலை அழைத்துப் போங்கள். ஆனால் தீவுகளில் இருக்கும்போது நம் ஊர்ச் சாப்பாட்டையே தேடாமல், வங்காளிக் கடைகளில் அன்று வந்த மீனைக் கேட்டுக் கடுகு அரைத்த குழம்போடு சாப்பிட்டுப் பாருங்கள்.

ரொக்கம் கொஞ்சம் அதிகமாக வைத்துக்கொள்ளுங்கள். 2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு இணையம் எவ்வளவோ தேறியிருக்கிறது. ஆனாலும் நீல் தீவில் கட்டணம் செலுத்துகிற நேரம் பார்த்து சிக்னல் போகலாம். மாலையில் மணலில் உட்கார்ந்தால் மணல் ஈ கடிக்கும், அரிப்பு நாலைந்து நாள் இருக்கும். காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், கடற்கரையில் வெறும் துண்டை விரித்துப் படுக்காதீர்கள்.

கடற்கரையில் சங்கும் பவளத் துண்டும் கிடக்கும். மகள் பை நிறையப் பொறுக்குவாள். கிளம்பும் முன் எல்லாவற்றையும் அதே மணலில் போட்டுவிடச் சொல்லுங்கள். செத்த பவளம் என்றாலும் எடுத்துவருவது சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். சிப்பிப் பொருள்தான் வேண்டும் என்றால் போர்ட் பிளேரில் அரசின் சாகரிகா விற்பனையகத்தில் வாங்கி, ரசீதைப் பெட்டியில் மேலாக வைத்துக்கொள்ளுங்கள்.